நுவரெலியா ஈரத்தில் கத்தி செருகும் சட்டகம்

கட்டையில் குழி வெட்டிச் செருகிய கத்திகள் மழைக்காலத்தில் துருப்பிடிக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். குழியின் அடி மூடியிருப்பதுதான் காரணம். நுவரெலியாக் குளிரில் உள்ளே வடிந்த தண்ணீர் லேசில் காயாது.

அதற்குப் பதிலாக, அடி திறந்த சட்டகம் ஒன்று செய்யுங்கள். முக்கால் அங்குலத் தடிப்பில் நன்றாகக் காய்ந்த தேக்குப் பலகை இரண்டு எடுங்கள். நடுவே 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள குச்சிகளை நெட்டுக்கு வைத்து, தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டுங்கள். ஒவ்வொரு இடைவெளியும் கத்தியின் அகலத்தைவிடக் கால் அங்குலம் கூட இருக்கட்டும். மேலும் கீழும் திறந்தே இருக்க வேண்டும். பலகை, நீளமான அலகைவிட ஓர் அங்குலமாவது உயரமாக இருந்தால்தான் முனை வெளியே நீட்டாது; வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது மிக முக்கியம். உள்ளே பிதுங்கும் பசையை ஈரத்திலேயே ஈர்க்கில் துணி சுற்றி வழித்தெடுங்கள், காய்ந்தால் கத்தி சிக்கும்.

வெளிச்சுவர் வியர்க்கும், அதில் மாட்டாதீர்கள். உள்சுவரிலும் பின்னால் ஓர் அங்குலக் கட்டை கொடுத்தே மாட்டுங்கள்.