அவர்கள் சந்திக்கவே இல்லை

அன்புள்ள ஐயா,

‘மேரி குயின் ஆஃப் ஸ்காட்ஸ்’ (2018) படத்தை நேற்றிரவு பார்த்தேன். ஸ்காட்லாந்து அரசி மேரியும் இங்கிலாந்து அரசி எலிசபெத்தும் ஒரு சலவைக் குடிலில், தொங்கும் வெள்ளைத் துணிகளை விலக்கி விலக்கி ஒருவரையொருவர் தேடும் காட்சியில் அழுதேவிட்டேன். காலையில் தேடிப் பார்த்தால், அவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லையாம். ஏமாந்துபோன உணர்வு. சினிமா என்ன வரலாற்றுப் பாடமா, இயக்குநருக்குக் கற்பனை செய்ய உரிமை இல்லையா என்கிறாள் என் தோழி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ரா.

அன்புள்ள ரா.,

உரிமை உண்டு. பூட்டிய அறைக்குள் இருவர் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்த ஆவணமும் சொல்லாது. அதை எழுதித்தான் ஆகவேண்டும். படத்தில் மேரி ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேசுவதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். உண்மையில் அவர் ஐந்து வயதில் பிரான்ஸுக்குப் போய், 18 வயதில் விதவையாகத் திரும்பியவர். சாவதற்குச் சில மணி நேரம் முன்பு எழுதிய கடைசிக் கடிதமும் பிரெஞ்சில்தான்.

ஆனால் அந்தச் சந்திப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் இந்த இரு பெண்களின் கதையே சந்திக்காமல் போனதுதான்.

1562 கோடையில் சந்திப்பதாக ஏற்பாடு நடந்தது. பிரான்ஸில் மதப்போர் மூண்டதும் எலிசபெத் தள்ளிப்போட்டார். செய்தி வந்த அன்று முழுவதும் மேரி படுக்கையை விட்டு எழவில்லை. 1568 மே மாதம், போரில் தோற்று, மீன்பிடிப் படகில் சால்வே கழிமுகத்தைக் கடந்து இங்கிலாந்தில் கரையேறினார். கடிதங்களில் ‘சகோதரி’ என்று அழைத்தவர் கைகொடுப்பார் என்று நம்பி வந்தவர். மேரியின் இரண்டாவது கணவர் டார்ன்லியின் கொலையில் அவருக்குப் பங்கில்லை என்று தெளிவாகும்வரை பார்க்க முடியாது என்றார் எலிசபெத். அது தெளிவாகவே இல்லை. ஏறத்தாழ 19 ஆண்டுகள், ஒரு கோட்டையிலிருந்து இன்னொரு மாளிகைக்கு மாற்றி மாற்றிக் காவல். இவர் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் வரவேயில்லை.

1574இல் மேரி தன் கையாலேயே வெள்ளி இழையில் பூவேலை செய்த கருஞ்சிவப்பு சாட்டின் பாவாடை ஒன்றை எலிசபெத்துக்கு அனுப்பினார். பிரெஞ்சுத் தூதர் வழியாகப் போயிற்று. எலிசபெத்துக்குப் பிடித்திருந்தது. அந்த உடைக்காக எத்தனை நாள் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். பரிசைப் பெற்றுக்கொண்ட கைதான் 1587 பிப்ரவரி 1 அன்று மரண ஆணையில் கையெழுத்துப் போட்டது, முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமலே.

படம் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டு ஒரு சந்திப்பைக் கொடுக்கிறது. இருவரும் முகம் பார்த்து, மனதில் இருந்ததைக் கொட்டிவிடுகிறார்கள். நமக்கும் பாரம் இறங்கிவிடுகிறது. மேரிக்கு அது இறங்கவே இல்லை. வெட்டுமேடைக்குப் போனபோது அவருக்கு 44 வயது, மூட்டுவலி. வெட்டிய தலையைக் கொலைஞன் முடியைப் பிடித்துத் தூக்கியபோது பொய்முடி மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்தது குட்டையான நரைமுடி. அந்த நரை எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமான கதை.

உங்கள் தோழியிடம் இதையும் சொல்லுங்கள்: இந்தக் கற்பனை புதியதல்ல. ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லர் 1800இலேயே தன் நாடகத்தில் இருவரையும் சந்திக்க வைத்துவிட்டார். 1971இல் வந்த படமும் அதையே செய்தது. இரண்டு நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் காட்டியதால், நடந்ததாகவே பலரும் நம்புகிறார்கள். இன்னொரு முறை காட்டுவதில் என்ன துணிச்சல் இருக்கிறது? வராத ஒருத்திக்காக 19 ஆண்டுகள் காத்திருந்த பெண்ணைக் காட்டியிருந்தால் அதுதான் துணிச்சல்.

சிறையில் மேரி தைத்த துணிகளில் ஒன்று எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனையில் இருக்கிறது. அந்தத் துணியின் புகைப்படம் இணையத்தில் கிடைக்கும், இருவரும் சேர்ந்தே பாருங்கள். செம்பட்டை நிறத்தில் ஒரு பூனை, பக்கத்தில் ஒரு சின்ன எலி. எலிசபெத்தின் தலைமுடியும் செம்பட்டைதான்.

அன்புடன்