வாசகர் கேள்வி பதில்: ஒழிமுறியில் ஒப்புப் போடுமுன்

இம்மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் பாலக்காடு, கொல்லங்கோடு, புதுநகரம் பக்கத்திலிருந்தும், எல்லைக்கு இப்பால் ஆனைமலை, பொள்ளாச்சியிலிருந்தும் வந்தவை. அவற்றில் மிகப் பலவும் முஸ்லிம் பெண்களின் சொத்து, மஹர் (மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மணக்கொடை), மணவிலக்கு பற்றியே கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றைச் சுருக்கி, பெயர்களை நீக்கி, ஊரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கொல்லங்கோடு அருகிலிருந்து ஒரு வாசகி: எங்கள் அத்தா 2019இல் மவுத்தானார். அம்மா இருக்கிறார். அண்ணன்மார் இருவர், பெண்களில் நானும் தங்கையும். 2 ஏக்கர் 40 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. "தோட்டம், வயலில் பெண்பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது, கல்யாணத்துக்கு ஆளுக்கு 40 பவுன் போட்டாயிற்று" என்று சொல்லி, ஒழிமுறி (பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம்) எழுதக் கூப்பிடுகிறார்கள். மறுத்தால் பிறந்த வீட்டு உறவு அற்றுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.

அண்ணன்மார் சொல்வதில் ஒரு துளி வரலாறு கலந்திருக்கிறது. அதனால்தான் அது நம்பும்படி இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், வாரிசுரிமை, மணவிலக்கு, மஹர் போன்றவற்றை ஊர் வழக்கத்தின் பிடியிலிருந்து விடுவித்து ஷரீஅத்தின் கீழ்க் கொண்டுவந்தபோது, விவசாய நிலத்தை மட்டும் விலக்கி வைத்தது. அன்றைக்குப் பாலக்காடு மலபார் மாவட்டத்தில், சென்னை மாகாணத்தின் கீழ் இருந்தது. அந்த விலக்கைச் சென்னை 1949இல் திருத்தம் செய்து நீக்கியது. கொச்சி அரசின் கீழ் இருந்த சித்தூர்ப் பக்கமும் அடங்கிய கேரளம் முழுவதற்கும் 1963இல் கேரளச் சட்டம் அதையே செய்தது. ஆகவே 2019இல் காலமான ஒருவருடைய தோப்பு எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும், அதில் மகள்களுக்குப் பங்கு உண்டு. உங்கள் அண்ணன்மார் சொல்லும் 'பழைய சட்டம்' அவர்கள் பிறக்கும் முன்பே மாறிப்போன ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இனிக் கணக்கு. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத மரண சாசனம் ஆகியவற்றைக் கழித்த பிறகே பங்கு பிரிக்க வேண்டும். அம்மாவுக்கு அத்தா கொடுக்காமல் விட்ட மஹர் ஏதாவது இருந்தால் அதுவும் கடன்தான். இதை நம் வீடுகளில் யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. பிறகு மீதமுள்ளது முழு 240 சென்ட் என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருப்பதால் அம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 30 சென்ட். மிச்சம் 210 சென்ட்டை ஆறு கூறாக்கினால் கூறுக்கு 35 சென்ட். அண்ணன்மாருக்கு இரண்டிரண்டு கூறாக ஆளுக்கு 70 சென்ட். உங்களுக்கும் தங்கைக்கும் ஆளுக்கு 35 சென்ட். உங்கள் அத்தாவைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லை என்று வைத்துச் சொன்ன கணக்கு இது.

40 பவுன் விஷயத்துக்கு வருவோம். கல்யாணத்தில் போட்ட நகை அத்தா தன் உயிருள்ள காலத்தில் கொடுத்த அன்பளிப்பு. அவர் மறைவுக்குப் பின் பிரியும் சொத்தில் அதைக் கழிப்பதற்கு ஷரீஅத்தில் இடமில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். "இதை வாங்கிக்கொள், பிறகு பங்கு கேட்கக் கூடாது" என்று பேசி, அத்தா இருக்கும்போதே எழுதி வாங்கியிருக்கிறார்களா? வாரிசாகும் வாய்ப்பை முன்கூட்டியே விட்டுக்கொடுப்பது இஸ்லாமியச் சட்டப்படி செல்லாது. ஆனால் அதற்கு ஈடாகப் பணமோ பொருளோ வாங்கிக்கொண்டவர் பின்னால் மாற்றிப் பேச முடியாமல் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973இல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. அப்படி ஏதாவது தாள் இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

சென்ற ஆடியில் ஒரு பதிவு அலுவலகத்தின் திண்ணையில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். எதிர்ப் பெஞ்சில் ஒரு குடும்பம். அண்ணன் எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். பத்திரம் எழுதுபவர் வேகமாக வாசித்துக்கொண்டே போனார். பத்திரம் மலையாளத்தில் இருந்தது, தங்கைக்கோ தமிழ்தான் வாசிக்கத் தெரியும். "எங்கே விரல் வைக்கணும்?" என்று மட்டும் அவர் கேட்டார். வைத்த பிறகு, மை படிந்த கட்டைவிரலை முந்தானையில் துடைத்தால் கறையாகிவிடும் என்று, பழம்பொரி சுற்றி வந்த காகிதத்தில் துடைத்துக்கொண்டார். எத்தனை சென்ட் கைவிட்டுப் போனது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

குர்ஆனின் நான்காம் அத்தியாயம் ஏழாம் வசனம், பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, அது குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் விதிக்கப்பட்ட பங்கு என்று கூறுகிறது. விதிக்கப்பட்டதை அண்ணன் 'கொடுப்பதும்' இல்லை, தங்கை 'கேட்பதும்' இல்லை. உறவுக்காக விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனமிருந்தால் அது உங்கள் இஷ்டம்; ஆனால் முதலில் பாகப் பத்திரம் போட்டு, 35 சென்ட்டை உங்கள் பெயரில் போக்குவரவு (பட்டா மாற்றம்) செய்து, கரம் (நிலவரி) கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அண்ணனுக்கு ஹிபா (உயிரோடிருக்கும்போதே கொடுக்கும் அன்பளிப்பு) கொடுப்பதானால் அது தானம். கைக்கே வராத ஒன்றை வெட்கத்துக்கும் பயத்துக்கும் அஞ்சி எழுதிக் கொடுப்பதை என்னால் தானம் என்று சொல்ல முடியவில்லை.

ஆனைமலையிலிருந்து ஒரு வாசகர்: நான் முஸ்லிம் அல்லன். நண்பர்களிடம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று உங்களிடம் கேட்கிறேன். மகளுக்கு மகனில் பாதி என்பது எப்படி நியாயம்?

கோபிக்க என்ன இருக்கிறது? நான்காம் அத்தியாயத்தின் பதினொன்றாம் வசனம் மகனுக்கு இரு மகள்களின் பங்கு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதற்கு அறிஞர்கள் தரும் விளக்கம், மஹர் கொடுப்பதும் மனைவி மக்களுக்குச் செலவிடுவதும் ஆணின் கடமை என்பதும், பெண் எவ்வளவு செல்வம் படைத்தவளாக இருந்தாலும் தன் பொருளிலிருந்து வீட்டுக்குச் செலவிடக் கடமைப்பட்டவள் அல்லள் என்பதும் ஆகும். எல்லா இடத்திலும் பாதி என்பதும் சரியல்ல. இறந்தவருக்கு மகன் இருக்கும்போது அவருடைய தாய்க்கும் தந்தைக்கும் சமமாக ஆறில் ஒன்று. தாய்வழிச் சகோதர சகோதரிகளுக்கும் சமப் பங்குதான்.

இந்த விளக்கம் நாணயமாக நிற்பது ஆண் தன் கடமையைச் செய்யும் வீட்டில் மட்டுமே. கணவன் கைவிட்ட தங்கைக்கு ஒரு மாதம் அரிசி வாங்கிக் கொடுக்காத அண்ணன், பங்கு பிரிக்கும் நாளில் மட்டும் அந்த வசனத்தை ஓதுவதை நான் கண்டிருக்கிறேன். அவர் ஓதும் பாதியைக்கூடக் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பெண்பிள்ளைகள் மட்டுமே உள்ள வீட்டில் சிக்கல் இன்னும் கூடும். மனைவியும் இரண்டு மகள்களும் இருந்தால், மகள்களுக்குச் சேர்த்து மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று போக, 24இல் 5 பாகம் இறந்தவரின் சகோதரருக்குப் போய்விடும். இதைத் தவிர்க்கவே காசர்கோடு மாவட்டத்தில் மூன்று மகள்களைப் பெற்ற ஒரு வழக்கறிஞரும் அவர் மனைவியும், 2023 மார்ச் 8 அன்று வாரிசுரிமை ஷரீஅத்தின் கீழ் வராதபடி சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மறுபடியும் திருமணம் பதிவு செய்துகொண்டார்கள்; பெரிய விவாதமே நடந்தது. அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்களுக்கு, உயிரோடிருக்கும்போதே மகள்களுக்கு ஹிபா கொடுக்கும் வழி இருக்கிறது. கொடுப்பதாகச் சொல்வது, பெறுபவர் ஏற்பது, பொருளை அவர் கைவசம் ஒப்படைப்பது ஆகிய மூன்றும் நடந்தால் போதும். நுஃமான் பின் பஷீரின் தந்தை ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்தபோது, பிள்ளைகளிடையே நீதியாக நடந்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது.

புதுநகரத்திலிருந்து ஒரு தாய்: நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபி. மாப்பிள்ளை வீட்டார் மலப்புறத்துக்காரர்கள், ஷாஃபிஈ. "வலி (பெண்ணின் காப்பாளர், பெரும்பாலும் தகப்பன்) சம்மதித்தால் போதும், பெண்ணிடம் கேட்க வேண்டியதில்லை" என்கிறார்கள். எங்கள் பக்கம் வக்கீலும் (பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வரும் பிரதிநிதியும்) இரண்டு சாட்சிகளும் பெண்ணிடம் வந்து கேட்பதுதானே வழக்கம்?

இரண்டு மத்ஹபுக்கும் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிக்கும்) இதில் வேறுபாடு உண்டு. பருவமடைந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக யாரும் மணமுடித்து வைக்க முடியாது என்பது ஹனஃபி நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் வலி இல்லாமல் நிக்காஹ் இல்லை. கன்னிப்பெண் விஷயத்தில் தகப்பனுக்குக் கூடுதல் அதிகாரமும் உண்டு. ஆனால் அவளிடம் கேட்பது விரும்பத்தக்கது என்றே ஷாஃபிஈ நூல்களும் சொல்கின்றன. 'கேட்க வேண்டியதில்லை' என்பது மாப்பிள்ளை வீட்டார் சேர்த்துக்கொண்டது. கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்மணியை, முன்பே மணமானவரான அவர் விருப்பத்தைக் கேளாமல் தந்தை மணமுடித்துக் கொடுத்தபோது, நபிகள் நாயகம் அந்த மணத்தை ரத்து செய்தார்கள். உங்கள் வழக்கத்தை விடாதீர்கள். வலியும் இருக்கட்டும், மகளிடமும் கேட்கட்டும், நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) அவள் கையெழுத்தும் விழட்டும். இப்படி நடந்தால் எந்த மத்ஹபுக்கும் குறை வராது.

பொள்ளாச்சியிலிருந்து: மஹர் 1,001 ரூபாய், மாப்பிள்ளைக்கு ரொக்கம் 5 லட்சம். கேட்டால் "இரண்டும் கொடுக்கல் வாங்கல்தானே" என்கிறார்கள்.

திசைதான் எதிர். மஹர் மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது, அவளுக்கே சொந்தமானது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை வரதட்சணை அல்ல என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது. அந்த 5 லட்சமோ வாங்குவதும் கொடுப்பதும் குற்றம்.

கோவிந்தாபுரத்திலிருந்து ஒரு வாசகி: கணவர் வளைகுடாவில். மூன்று வருடமாகப் பணமும் இல்லை, போனும் இல்லை. தலாக்கும் சொல்ல மாட்டேன் என்கிறாராம். நான் குல்உ (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேட்கலாமா?

கேட்கலாம். ஸாபித் பின் கைஸின் மனைவி, கணவரிடம் குறை காணாவிட்டாலும் சேர்ந்து வாழ மனமில்லை என்று முறையிட்டபோது, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து அவரை விடுவித்தார்கள் நபிகள் நாயகம். நீதிமன்றத்துக்கு வெளியே பெண் குல்உ பெற முடியாது என்று 1972இல் சொன்ன தீர்ப்பைக் கேரள உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் நீக்கியது. அதற்குக் கணவர் சம்மதம் தேவையில்லை என்று 2022இல் மறுபடியும் உறுதி செய்தது. எல்லை தாண்டினால் கதை வேறு: தனியார் ஜமாஅத் அமைப்புகள் தரும் குல்உ சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியிருக்கிறது. அரை மைல் தூரத்தில் சட்டம் இப்படி மாறுவது நம் எல்லை ஊர்களுக்கே வாய்த்த விசித்திரம்.

உங்களுக்குக் குல்உகூடத் தேவையில்லை என்பதுதான் முக்கியம். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி, இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்காமல் இருப்பதே மணமுறிவுக்குப் போதிய காரணம். குல்உவில் மஹரைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும், இதில் அப்படி இல்லை. உங்களுடைய வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று வருடமாக வரவு இல்லை என்பதை அது சொல்லும்.

பாலக்காட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சட்டம் படிக்க ஆசை. "முஸ்லிம் பெண்ணுக்குக் கோர்ட்டில் என்ன வேலை?" என்கிறார் பெரியத்தா.

பத்தனம்திட்டாவில் பிறந்த எம். ஃபாத்திமா பீவி, 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டு ஆளுநராகவும் இருந்தார். பெரியத்தாவிடம் இதைச் சொல்லிவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

ஊர் குறிப்பிடாத ஒரு வாசகர்: மனைவி சென்ற வருடம் இறந்துவிட்டார். மஹராகப் பேசிய 3 பவுனை நான் கொடுக்கவே இல்லை, அவரும் கேட்டதில்லை. இரண்டு மகன்கள். மாமியார் மட்டும் இருக்கிறார், மாமனார் இல்லை. இப்போது என்ன செய்வது?

அவர் மனமாரத் தள்ளுபடி செய்யாத வரையில் அது கடன், கேட்காததால் தீர்ந்துவிடாது. மனைவிக்கு வேறு கடன் இல்லையென்றால், 3 பவுனின் 24 கிராமும் அவருடைய வாரிசுகளுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் இருப்பதால் கணவராகிய உங்களுக்கு நான்கில் ஒன்று, 6 கிராம். மாமியாருக்கு ஆறில் ஒன்று, 4 கிராம். மீதி 14 கிராம் மகன்களுக்கு ஆளுக்கு 7. பேசியது தங்கம் என்பதால், அன்றைய விலையைக் கணக்குப் போட்டுப் பணமாகக் கொடுக்கப் பார்க்காதீர்கள். மாமியாரின் 4 கிராமை நீங்களே நேரில் போய்க் கொடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னாலும், முதலில் அவர் கையில் வைத்துவிட்டு அதன் பிறகு பேசுங்கள்.