அமெரிக்காவில் ‘சிவில் யூனியன்’ என்பதும் திருமணமும் ஒன்றுதானா?

இல்லை. திருமணம் என்ற பெயர் இல்லாமல், அதன் உரிமைகளை மட்டும் ஒரு மாநிலம் ஒரு ஜோடிக்குத் தரும் பதிவுதான் சிவில் யூனியன். ஒருபால் ஜோடிகளுக்கு இதை முதலில் தந்தது வெர்மாண்ட், 2000-இல். 2004-இல் மாசசூசெட்ஸ் திருமணத்தையே அனுமதித்தது.

அங்கே திருமணச் சட்டம் மாநிலங்கள் கையில் இருக்கிறது. ஆனால் கூட்டாட்சி வருமான வரி, குடியேற்றம் எல்லாம் மத்திய அரசிடம். அந்தச் சட்டங்கள் தேடுவது ‘திருமணம்’ என்ற சொல்லைத்தான். ஒரு ஊர் டவுன் பஸ் பாஸ் மாதிரி: உள்ளூரில் ஏறலாம், இறங்கலாம். ரயிலில் அதை நீட்டினால் செல்லாது. பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் மாநில எல்லையைத் தாண்டியதும் சட்டத்தின் கண்ணில் அந்நியர் ஆனார்கள். எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது.

2015 ஜூன் 26 அன்று ஓபர்கெஃபெல் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் ஒருபால் திருமணத்தை நடத்தவும் ஏற்கவும் வேண்டும் என்றது.

அப்புறம், அந்தத் தீர்ப்போடு பழைய சிவில் யூனியன்கள் எல்லாம் தானாகவே திருமணமாகிவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல; கனெக்டிகட் 2010-இலேயே தன் சட்டப்படி அப்படி மாற்றியது, வெர்மாண்டில் பதிந்தவர்களோ தனியாகத் திருமணம் செய்துகொள்ள வேண்டும்.