போரை வெறுத்த வாக்காளர் எங்கே போவார்?

கேள்வி: நான் அரசியல் அறிவியல் முதுகலை மாணவி. மக்கள் விரும்பாத போரில் இறங்கிய கட்சி அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வும் என்கிறார் அப்பா. வியட்நாம் போரைச் சான்றாகச் சொல்கிறார். இராக் போருக்குப் பிறகும் 2004-இல் அமெரிக்க அதிபர் புஷ் வென்றார், 2005-இல் பிரிட்டன் பிரதமர் பிளேயர் வென்றார் என்கிறேன் நான். சாப்பாட்டு நேரமெல்லாம் இதே விவாதம். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே யார் வென்றார், யார் தோற்றார் என்ற கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு வாதாடுகிறீர்கள். மக்கள் ஒரு போரை வெறுத்தால் மட்டும் ஆளுங்கட்சி விழுந்துவிடாது. அந்த வெறுப்பு போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இருந்ததா என்பதைத்தான் ஒவ்வொரு தேர்தலிலும் தேட வேண்டும்.

பிளேயரின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2003 பிப்ரவரி 15 அன்று லண்டனில் போருக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் காவல்துறைக் கணக்கிலேயே ஏழரை லட்சம் பேர். மார்ச் 18 அன்று போரில் இறங்குவது பற்றி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. பிளேயரின் தொழிற்கட்சி உறுப்பினர்கள் 139 பேர் தங்கள் அரசையே எதிர்த்து வாக்களித்தார்கள். அந்த நேரத்தில் பிளேயருக்குத் தோள் கொடுத்தது பிரதான எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தேர்தல் வந்தபோது, போரால் மனம் கொதித்த ஒருவர் ஆளுங்கட்சியைத் தண்டிக்க நினைத்தால், அதே போருக்குக் கை தூக்கிய கட்சியிடமா போவார்? போரை எதிர்த்த லிபரல் டெமாக்ராட் கட்சிக்கோ பெரும்பாலான தொகுதிகளில் வெல்லும் பலம் இல்லை. பொருளாதாரமும் அப்போது நன்றாக இருந்தது. பலர் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய கட்சிக்கே வாக்களித்தார்கள்.

அதற்காக பிளேயர் சேதமில்லாமல் தப்பினார் என்று தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள். 2001-இல் 40.7 சதவீதமாக இருந்த தொழிற்கட்சியின் வாக்கு 2005-இல் 35.2 ஆகச் சரிந்தது. நாடாளுமன்றப் பெரும்பான்மை 167-இலிருந்து 66-க்கு இறங்கியது. எங்கெல்லாம் கோபத்துக்கு ஒரு வாசல் திறந்திருந்ததோ அங்கெல்லாம் அடி பலமாக விழுந்தது. வங்காளி முஸ்லிம்கள் நிறைந்த கிழக்கு லண்டன் தொகுதியான பெத்னல் கிரீனில், போரை எதிர்த்ததற்காகத் தொழிற்கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஜார்ஜ் காலோவே தனிக் கட்சியின் பெயரில் நின்று 823 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதற்கு முந்தைய தேர்தலில் அங்கே தொழிற்கட்சியின் முன்னிலை பத்தாயிரத்துக்கும் மேல். மாணவர்களும் படித்த நடுத்தர வர்க்கத்தினரும் மிகுந்த கேம்பிரிட்ஜும் மான்செஸ்டர் விதிங்டனும் லிபரல் டெமாக்ராட் கைக்குப் போயின.

2005 தேர்தல் முடிவு வந்த இரவின் ஒரு காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. பிளேயரின் சொந்தத் தொகுதியான செட்ஜ்ஃபீல்டில் அவரை எதிர்த்து ரெஜ் கீஸ் என்பவர் சுயேச்சையாக நின்றார். அவருடைய மகன் டாம் ராணுவக் காவலராக இராக்குக்குப் போனவர். 2003 ஜூனில், 21-ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் கொல்லப்பட்டார். கீஸுக்குக் கிடைத்தவை 4,252 வாக்குகள். பிளேயர் பெரும் வித்தியாசத்தில் வென்றார். முடிவு அறிவித்த மேடையில் கீஸ் பேசினார்: இந்தப் போர் சர்வதேசச் சட்டப்படி நியாயமானதாக இருந்திருந்தால் மகனுக்காகத் துக்கப்பட்டிருப்பேன், ஆனால் தேர்தலில் நின்றிருக்க மாட்டேன் என்றார். பிரதமர் ஒரு நாள் மன்னிப்புக் கேட்பார் என்று நம்புவதாகவும் சொன்னார். பின்னால் பிளேயர் முகத்தில் சலனமின்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெற்றி என்று நீங்கள் குறித்து வைத்திருக்கும் அந்தத் தேர்தலுக்குள் இதுவும் இருக்கிறது.

இப்போது உங்கள் அப்பாவின் வியட்நாம். 1968 மார்ச் 12, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வு. அதிபர் ஜான்சனுக்கு 49 சதவீதம், போரை எதிர்த்த யூஜீன் மெக்கார்த்திக்கு 42. எண்ணிக்கையில் ஜான்சன்தான் முதலிடம். ஆனாலும் பதவியில் இருக்கும் அதிபருக்குச் சொந்தக் கட்சியிலேயே இவ்வளவு எதிர்ப்பா என்று நாடு அதிர்ந்தது. மார்ச் 31 அன்று, மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மெக்கார்த்திக்கு அன்று வாக்களித்தவர்களில் பலர் போரை இன்னும் கடுமையாக நடத்த வேண்டும் என்று விரும்பியவர்கள். நிறுத்து என்பவரும் முடித்துக்காட்டு என்பவரும் ஒரே பெயருக்கு வாக்களித்தார்கள். “போரை ஆதரிக்கிறீர்களா” என்ற கருத்துக்கணிப்பை மட்டும் வைத்துத் தேர்தலைக் கணிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜான்சனின் துணை அதிபர் ஹம்ப்ரி வேட்பாளரானார். கட்சியின் சிகாகோ மாநாட்டு வாசலில் போரை எதிர்த்த இளைஞர்களைக் காவலர்கள் தடியால் அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கட்டாய ராணுவச் சேவை இருந்த காலம் அது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் வியட்நாமில் இருந்தார்கள். அடுத்த வீட்டுப் பையனுக்கு அழைப்பாணை வந்திருக்கும். அதனால் போர் செய்தித்தாளோடு நிற்காமல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. செப்டம்பர் 30 அன்றுதான் ஹம்ப்ரி ஜான்சனிடமிருந்து சற்று விலகி, குண்டுவீச்சை நிறுத்தத் தயார் என்று பேசினார். அதன் பிறகு அவருக்கு ஆதரவு கூடிக்கொண்டே போனது. ஏழு கோடிக்கும் மேல் வாக்குகள் பதிவான தேர்தலில் குடியரசுக் கட்சியின் நிக்சனிடம் சுமார் ஐந்து லட்சம் வாக்கில் தோற்றார். ஒரு மாதம் முன்னதாகவே பேசியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் இன்றும் யோசிக்கிறேன். அப்பா சொல்லும் தோல்வி அவ்வளவு மெல்லிய தோல்விதான். கட்சி உடைந்ததால் வந்த தோல்வியும்கூட.

புஷ் விஷயம் சுருக்கமானது. 2004-இல் அவரை எதிர்த்த கெர்ரியே 2002-இல் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தை ஆதரித்தவர். இராக்கில் இறந்த அமெரிக்கப் படையினர் அப்போது ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியிருந்தார்கள். 2006 நவம்பருக்குள் அது 2,800-ஐக் கடந்தது, இராக்கும் உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. அந்த மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் புஷ்ஷின் குடியரசுக் கட்சி இரண்டு அவைகளையும் இழந்தது. மறுநாளே பாதுகாப்புத் துறை அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டின் விலகல் அறிவிக்கப்பட்டது. நீங்கள் 2004-ஐச் சொல்லும்போது 2006-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி எந்த நாட்டில் இப்படி ஒரு தேர்தல் வந்தாலும், போரைத் தொடங்க எதிர்க்கட்சி எப்படி வாக்களித்தது என்பதை முதலில் தேடுங்கள். யாருடைய பிள்ளைகள் அங்கே போகிறார்கள் என்று பாருங்கள். ஆளுங்கட்சிக்குள்ளிருந்தே ஒருவர் எழுந்து வேறு வழி சொல்கிறாரா என்று கவனியுங்கள். அப்பாவோடு விவாதிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இப்படிப் பேசிக்கொள்ளும் வீடுகள் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகின்றன.

உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு யோசனை. 2003 மார்ச் 18 வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்ற பட்டியல் பெயர் வாரியாகக் கிடைக்கிறது. அதை 2005 தொகுதி முடிவுகளோடு ஒப்பிடுங்கள். லண்டன் இஸ்லிங்டன் வடக்கில் அப்போது தொழிற்கட்சி உறுப்பினராக இருந்த ஜெரமி கோர்பின் போரை எதிர்த்தே வாக்களித்தவர். அப்படியிருந்தும் 2001-இல் 61.9 சதவீதமாக இருந்த அவருடைய வாக்கு 2005-இல் 51.2 ஆனது. அந்தப் பத்துச் சதவீதத்தினர் யார் மேல் கோபப்பட்டார்கள்? இன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.