வகுப்பில் ஆர்வமே காட்டாத மாணவர்களை ஆசிரியர் எப்படி ஊக்கப்படுத்துவது?

ஊக்கப்படுத்துவது என்றதும் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு முதலில் தோன்றுவது பேச்சுதான். 'உன்னால் முடியும்', 'இந்த வயசுல படிக்காட்டி எப்போ படிக்கப்போற' என்று பத்து நிமிடம் பேசுவார்கள், பிள்ளைகளும் தலையாட்டுவார்கள், மணி அடித்ததும் எல்லாம் போய்விடும். நான் பல வருடங்களாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஆர்வம் வரட்டும், அப்புறம் படிப்பார்கள் என்று காத்திருந்தால் நடக்காது என்பதுதான் என் கருத்து. நேற்று வரை வராத ஒன்று இன்று தனக்கு வந்துவிட்டது என்று பிள்ளைக்கே தெரியவேண்டும், ஆர்வம் அதற்குப் பின்னால்தான் வரும்.

'இவனுக்கு அக்கறையே இல்லை' என்று நாம் முடிவுகட்டுகிற பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்கு இருப்பது பயம். 'படிக்கல, அதனால மார்க் வரல' என்று சொல்லிக்கொள்வது எளிது, 'படிச்சேன், அப்பவும் வரல' என்பதைத் தாங்குவது கஷ்டம். அதனால் முயற்சியே செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். இதற்கு அறிவுரை உதவாது, எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்று தேடிப் பிடிக்கவேண்டும். சமன்பாடு வரவில்லை என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியாதது பல நேரம் சமன்பாடாகவே இருக்காது, மைனஸ் எண்களைக் கூட்டுவதிலோ பின்னங்களிலோ இரண்டு வருடம் முன்பே நின்றுபோயிருக்கும். அதைக் கண்டுபிடித்து, மற்றவர்கள் முன்னால் காட்டிக்கொடுக்காமல், அங்கிருந்து நான்கைந்து கணக்குகளாகக் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தால், கொஞ்ச நாளில் சொல்லாமலே நோட்டைத் திறக்கத் தொடங்குவார்கள். ஆனால் ஒன்று, வேண்டுமென்றே சுலபமான கேள்வியைக் கேட்டுவிட்டு 'சூப்பர்!' என்று வகுப்பையே கைதட்ட வைக்காதீர்கள். தனக்கு இவ்வளவுதான் வரும் என்று ஆசிரியர் நினைக்கிறார் என்பது அவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

அடுத்தது கேள்வி கேட்கும் விதம். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடி அல்லது அதற்கு மேல் ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் நிற்பது குறைந்தது, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடிதானே என்று தோன்றும், வகுப்பு முன்னால் நின்றுகொண்டு சும்மா இருந்து பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் செய்வது இதுதான்: பெயர் சொல்லாமல் கேள்வியைக் கேட்பேன், எல்லோரும் ரஃப் நோட்டில் விடையை எழுதவேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம், அதற்கு அப்புறம்தான் யாரையாவது எழுப்புவேன். முதலிலேயே பெயரைச் சொல்லிவிட்டால் மீதிப் பேர் எல்லோரும் அந்தக் கணத்திலேயே யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். எப்போதும் கை தூக்குகிற அதே ஐந்தாறு பேரை வைத்தே பாடத்தை நகர்த்துவதும் இதே கதைதான்.

பரிசு, ஸ்டிக்கர், நட்சத்திரம் பற்றிப் பலர் கேட்பார்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படியே கொடுத்தார்கள். பிறகு சும்மா விட்டுப் பார்த்தபோது அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுக்கப்பட்ட குழுவுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் பரிசே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். யாருக்கும் பிடிக்காத ஒரு வேலையை, வாய்ப்பாடு மனப்பாடம் மாதிரி, தொடங்கிவைக்கச் சின்னப் பரிசு கொடுத்தால் தப்பில்லை. பிள்ளை தானாக ரசித்துச் செய்கிற ஒன்றுக்கு விலை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மார்க் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். விடைத்தாளில் எவ்வளவு அக்கறையாகக் குறிப்பு எழுதினாலும் பக்கத்தில் மார்க் இருந்தால் யாரும் குறிப்பைப் படிப்பதில்லை, பக்கத்துப் பையன் எவ்வளவு என்றுதான் எட்டிப் பார்க்கிறார்கள். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வம் நிலைத்தது, வேலையின் தரமும் கூடியது. குறிப்போடு மார்க்கும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணாமல் போனது. மார்க் போடாமல் இருக்க நம்மை யாரும் விடமாட்டார்கள், சரி. ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் குறிப்பு மட்டும் இருக்கட்டும், தவறுகளைத் திருத்தி எழுதிக் காட்டிய பிறகு மறுநாள் மார்க்கைச் சொல்லலாம். முதல் முறை முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும். குறிப்பும் 'நன்று', 'இன்னும் முயற்சி செய்' என்று இருந்தால் பயனில்லை. 'மூன்றாவது வரியில் குறியை மாற்ற மறந்துவிட்டாய், அதுவரை வழி சரி' என்று எழுதினால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

பாராட்டும் அப்படித்தான். 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், அடுத்த முறை தோற்றுவிடாத சுலபமான வேலையைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள் என்று முல்லர், ட்வெக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். என்ன செய்தார்களோ அதைச் சொல்லிப் பாராட்டுங்கள், பொய்யாக மட்டும் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஊக்கக் குறைவு என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்து நோட்டைப் பார்த்தே எழுதுகிற பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். தூக்கமில்லாமல், சாப்பிடாமல், வீட்டுச் சண்டையோடு வருகிற பிள்ளையை வகுப்புக்குள் இருந்துகொண்டு நம்மால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. இரண்டு நாள் வராமல் இருந்து திரும்பும்போது பெயர் சொல்லிக் கேட்கலாம், விட்டுப்போன பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லித் தரலாம், தேவையென்றால் வீட்டில் பேசலாம்.

அப்புறம், இந்தக் கேள்வியில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு கூட்டம் உண்டு, எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனை. எப்போதும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு என்று அனுப்பிக்கொண்டே இருப்பதும் நியாயமில்லை. அதே விடையை வேறு வழியில் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வகுப்பில் பாதிப் பேர் தவறாகப் போடக்கூடிய ஒரு கணக்கை அவர்களையே உருவாக்கச் சொல்லுங்கள். எங்கே தவறுவார்கள் என்று யோசிக்கும்போதுதான் அவர்களுக்கும் அந்தப் பாடம் முழுதாகப் பிடிபடும், நல்ல கணக்காக வந்தால் அடுத்த தேர்வில் பெயர் போட்டே சேர்த்துவிடுவேன்.