அப்பீல் போட்டுவிட்டார், வெளியே இருக்கிறார்: நான் மறுபடி கூண்டில் ஏற வேண்டுமா?

கேள்வி: எனக்குத் திருமணமாகிப் பதினொரு வருடம். 2021-இல் ஒரு இரவு கணவர் என் கையை முறுக்கித் தள்ளியதில் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவரேதான் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார். அவர் பக்கத்தில் நின்றதால் டாக்டரிடம் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். வழக்கு நடந்து, இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவில் (மனைவியைக் கொடுமைப்படுத்துதல்) இரண்டு வருடமும் 325-இல் (கொடுங்காயம் ஏற்படுத்துதல்) ஒரு வருடமும் தண்டனை கொடுத்தார்கள். அபராதம் பத்தாயிரம், அதில் எட்டாயிரம் எனக்கு இழப்பீடு. ஆனால் அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது அப்பீல் போட்டிருக்கிறாராம். எனக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை. அவருடைய அத்தை வந்து, ‘மேல் கோர்ட்டில் எல்லாம் ரத்தாகிவிடும், அதற்கு முன்னால் சமாதானமாகப் போய்விடலாம், பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடு’ என்கிறார். இரண்டு முறை அவர் எங்கள் தெருமுனையில் வந்து நின்றதைப் பார்த்தேன். இழப்பீடும் வரவில்லை. மறுபடி நான் சாட்சி சொல்ல வேண்டுமா? என் பையனுக்கு ஒன்பது வயது, அன்று எல்லாவற்றையும் பார்த்தவன். அவனைக் கூப்பிடுவார்களா?

பதில்: சகோதரி, பெரும்பாலும் நீங்கள் மறுபடி கூண்டில் ஏற வேண்டியிருக்காது. அப்பீல் என்பது வழக்கை முதலிலிருந்து நடத்துவது அல்ல. நடுவர் நீதிமன்றத்தில் பதிவான சாட்சியமும் ஆவணங்களும் கட்டாக, அப்பீலைக் கேட்கும் அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். இரு தரப்பு வக்கீல்களும் அந்தக் கட்டை வைத்துத்தான் வாதாடுவார்கள். கூடுதல் சாட்சியம் எடுக்க மேல் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது அவசியம் என்று காரணம் எழுதிவிட்டுத்தான் எடுக்க முடியும், அப்படி நடப்பதும் அபூர்வம். நீங்கள் சொன்ன சாட்சியம் அந்தக் கட்டில் பத்திரமாக இருக்கிறது.

அன்று மாலையே அவர் வெளியே வந்தது எப்படி என்று மனம் கொதித்திருக்கும். தண்டனை மூன்று வருடத்துக்கு மேல் போகாமல், விசாரணையின்போதும் ஜாமீனில் இருந்தவர் ‘அப்பீல் போகப் போகிறேன்’ என்று சொன்னால், தண்டனை கொடுத்த நீதிமன்றமே அதற்கான அவகாசத்துக்கு ஜாமீன் கொடுக்க வேண்டும். மறுப்பதென்றால் அதற்குத் தனிக் காரணம் வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389(3) சொன்னது இதைத்தான், 1.7.2024 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 430(3)-உம் இதையே சொல்கிறது. அப்பீல் தாக்கலான பிறகு, அது முடியும்வரை அமர்வு நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைக்கலாம். நிறுத்திவைக்கப்படுவது சிறைவாசம் மட்டும்தான். அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு இந்த நிமிடமும் அப்படியேதான் இருக்கிறது. அத்தை சொல்வதுபோல எதுவும் ரத்தாகவில்லை.

நோட்டீஸ் வராததில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து நடந்த வழக்கில் எதிர்த்தரப்பு அரசுதான். அதனால் அப்பீல் நோட்டீஸ் அரசு வழக்கறிஞருக்குப் போகும், புகார் கொடுத்தவருக்குப் போகாது. இது சரியான ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. அடி வாங்கியவர் வழக்கின் போக்கை அத்தை வாயிலாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அப்பீல் எண்ணும் அடுத்த வாய்தாவும் கிடைக்கும். அதைக் குறித்துக்கொண்டு, ஒரு வக்கீல் மூலம் அப்பீல் மனுவின் நகலுக்கு விண்ணப்பியுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் அதில் என்ன இருக்கும் என்று இப்போதே ஓரளவு சொல்லிவிடலாம். புகார் மூன்று நாள் தாமதம், வெளியாள் சாட்சி இல்லை, சாட்சிகளான உங்கள் அம்மாவும் தம்பியும் சொந்தக்காரர்கள், கடைசியாக ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னது. முதல் மூன்றும் எனக்குப் பெரிய கவலை தரவில்லை. வீட்டுக்குள் நடக்கும் அடிக்கு வெளியாள் சாட்சி எங்கிருந்து வருவார்? இத்தனை சாட்சி இருந்தால்தான் நிரூபணம் என்று சாட்சியச் சட்டத்தில் எங்கும் இல்லை. பழைய சட்டத்தின் 134-வது பிரிவு அதை நேரடியாகவே சொன்னது, 2024-இல் வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. காயம்பட்டவரின் சாட்சியத்துக்கு நீதிமன்றங்கள் தனி மதிப்பு கொடுப்பதும் பழைய வழக்கம்.

நான்காவதுதான் உங்கள் கணவரின் வக்கீல் முழு பலத்தையும் செலவழிக்கப்போகும் இடம். அதற்கு இப்போதே தயாராகுங்கள். ஆஸ்பத்திரியில் நாம் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் விபத்துப் பதிவேட்டில், காயம் எப்படி ஏற்பட்டது என்பதற்கு ஒரு வரிதான் இருக்கும். அந்த வரியை அவர்கள் தரப்பு உரக்கப் படிக்கும். அதே தாளில் இன்னொரு வரியும் இருக்கும்: அழைத்து வந்தவர் யார் என்பது. அங்கே உங்கள் கணவரின் பெயர் இருந்தால், ‘அவர் பக்கத்தில் நின்றார், பயத்தில் சொல்லிவிட்டேன்’ என்ற உங்கள் விளக்கத்துக்கு அந்தத் தாளே ஆதாரம். ஆஸ்பத்திரி கொடுத்த காயச் சான்றிதழில் அதைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கலாம். மணிக்கட்டு முறிவைத் தவிர, மேல்கையில் விரல் பதிந்ததுபோலக் கன்றிய தடம் ஏதாவது அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். வழுக்கி விழுந்தவர் கையில் விரல் தடம் வராது.

டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தபோது ‘கீழே விழுந்தாலும் இப்படி முறிய வாய்ப்பு உண்டா?’ என்று கட்டாயம் கேட்டிருப்பார்கள். டாக்டரும் ‘உண்டு’ என்றுதான் சொல்லியிருப்பார். அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு மனம் உடைந்துவிடாதீர்கள். விழுந்தாலும் முறியும் என்பதால் முறுக்கியதால் முறியவில்லை என்று ஆகிவிடாது. உங்களைக் குறுக்கு விசாரணை செய்த பக்கங்களை எடுத்து, வழுக்கி விழுந்ததாக ஏன் சொன்னீர்கள் என்று நீங்கள் விளக்கிய இடத்தைப் பென்சிலால் கோடிடுங்கள். எத்தனையோ பெண்கள் டூட்டி டாக்டரிடம் இதையேதான் சொல்கிறார்கள். மறுபடி அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும் என்று தெரிந்த ஒருத்தி வேறு எதைச் சொல்வாள்?

கோடிட்ட அந்தப் பக்கம் அரசு வழக்கறிஞரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவரிடம் அன்று இன்னும் பல கட்டுகள் இருக்கும். ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடாதீர்கள். அரசுத் தரப்புக்கு உதவியாக நீங்கள் தனி வக்கீல் வைத்துக்கொள்ளலாம், நீதிமன்ற அனுமதியோடு எழுத்துமூல வாதமும் கொடுக்கலாம். விசாரணையில் தொடங்கி அப்பீல், சீராய்வு முடியும்வரை பாதிக்கப்பட்டவருக்குப் பங்கெடுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் ஜகஜீத் சிங் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம், 15100-க்கு அழைத்தும் கேட்கலாம்.

முடிவு எப்படியெல்லாம் வரலாம்? தீர்ப்பை அப்படியே உறுதி செய்யலாம், தண்டனையைக் குறைக்கலாம், 325-ஐ 323 (சாதாரணக் காயம்) ஆக மாற்றலாம், விடுதலையும் செய்யலாம். மறுவிசாரணைக்கு அனுப்பவும் அதிகாரம் உண்டு. அவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. அதற்கு அரசுதான் தனியாக அப்பீல் போக வேண்டும். தண்டனை போதாது என்று பாதிக்கப்பட்டவரே அப்பீல் போக சட்டத்தில் இடமில்லை. இழப்பீடு போதாது என்று நீங்கள் அப்பீல் போகலாம். சிறைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணையில் விடும்படி 1958-ஆம் வருடக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் அவர் கேட்கவும் வாய்ப்பிருக்கிறது. சட்டம் அந்தக் கதவை மூடவில்லை. ஆனால் எலும்பை முறித்தவருக்கு அதைக் கொடுக்க வேண்டுமா என்பது நீதிபதி யோசித்து எடுக்கும் முடிவு. தெருமுனையில் வந்து நின்றது அந்த யோசனையில் சேர வேண்டிய விஷயம்.

விடுதலை ஆகிவிட்டால்கூட அதோடு முடிந்துவிடாது. அந்த விடுதலையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போகும் உரிமை உங்களுக்கே இருக்கிறது, முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தண்டனை உறுதியானால் அவர் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம். ஆக இன்னும் ஒரு கட்டம் இருக்கக்கூடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பத்திரத்துக்கு வருவோம். 498ஏ தமிழ்நாட்டில் சமரசம் செய்து முடிக்கக்கூடிய குற்றம் அல்ல. 325-ஐ மட்டும், காயம்பட்டவர் சம்மதித்து நீதிமன்றம் அனுமதி கொடுத்தால் முடிக்கலாம். அதனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட மறுநாள் வழக்கு மறைந்துவிடும் என்பது பொய். பிறகு எதற்காக இவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள்? அந்தத் தாளைக் காட்டித் தண்டனையைக் குறைக்கச் சொல்வார்கள். இல்லையென்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதன் உள்ளார்ந்த அதிகாரத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்பார்கள்.

பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பத்திரங்களின் நடுவில் ஒரு வாக்கியம் ஒளிந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்: ‘உறவினர்களின் தூண்டுதலால் கோபத்தில் கொடுத்த புகார், அதில் கூறியவை உண்மையல்ல.’ அந்த வாக்கியத்தின் கீழே ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு ஜீவனாம்ச வழக்கிலும், பையன் யாரிடம் இருப்பது என்ற வழக்கிலும் அதே தாளை உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள். சத்தியம் செய்து சொன்ன சாட்சியத்தை நீங்களே பொய் என்று சொன்னதாகவும் ஆகும்.

உங்களுக்கே இதிலிருந்து விலகிப்போக வேண்டும் என்று தோன்றினால் அதில் தவறே இல்லை. எத்தனை வருடம்தான் கோர்ட் வாசலில் நிற்பது? ஆனால் அந்த முடிவு உங்கள் வக்கீலோடு உட்கார்ந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். பரஸ்பர சம்மத விவாகரத்து, நிரந்தர ஜீவனாம்சம், பையனின் பொறுப்பு, உங்கள் நகைகள் எல்லாம் எழுத்தில், சமரச மையத்திலோ குடும்ப நீதிமன்றத்திலோ பதிவாகட்டும். வீட்டு வாசலில் நின்றபடி அத்தை நீட்டும் பத்திரத்தில் இது எதுவும் இருக்காது.

தெருமுனை விஷயத்தைச் சின்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேதியும் நேரமும் ஒரு நோட்டில் எழுதுங்கள், யார் பார்த்தார்கள் என்பதையும் எழுதுங்கள். மிரட்டினாலோ நெருங்கி வந்தாலோ உடனே போலீஸில் புகார் கொடுங்கள், 181 மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது. அவருடைய தண்டனை நிறுத்திவைப்பை ரத்து செய்யும்படி அதே அமர்வு நீதிமன்றத்தில் மனுப் போட முடியும். அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் இந்தக் கிரிமினல் வழக்கிலிருந்து தனியானது. தண்டனை வந்த பிறகும் அதில் மனுப் போட்டு, அவர் உங்கள் வீட்டுப் பக்கமோ பையனின் பள்ளிப் பக்கமோ வரக்கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, இருபதாயிரம் வரை அபராதம். உங்கள் நிலைமையில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான், அப்பீல் வாய்தாவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

எட்டாயிரம் ரூபாய் வராததற்குக் காரணம் அப்பீல்தான். அபராதத்திலிருந்து கொடுக்கச் சொன்ன இழப்பீட்டை, அப்பீல் போட்டிருந்தால் அது முடிவதற்கு முன் கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. தண்டனை உறுதியானதும் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். இடையில் யாராவது ‘இப்போது 498ஏ கிடையாது, சட்டமே மாறிவிட்டது’ என்று குழப்பினால் நம்பாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 1.7.2024 முதல்தான் அமலில் இருக்கிறது. 2021-இல் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். புதிய சட்டத்திலும் அந்தக் குற்றம் 85, 86 பிரிவுகளில் அப்படியே இருக்கிறது.

உங்கள் பையன் விஷயம். கீழ்க் கோர்ட்டில் அவன் சாட்சியாக விசாரிக்கப்படவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அப்படியானால் அப்பீலில் அவனைக் கூப்பிடுவார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. வாய்தா நாளில் அவனை வழக்கம்போலப் பள்ளிக்கு அனுப்புங்கள். ‘என்னையும் கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்களா அம்மா?’ என்று கேட்டால், மாட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள்.