அவுஸ்திரேலியத் திறன் விசா: ஏஜென்டுக்கு முன்னால் பேரைச் சரிபாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: வயது 29, கல்யாணம் ஆகவில்லை, பேராதனையில் சிவில் எஞ்சினியரிங் முடித்துக் கொழும்பில் நாலு வருட வேலை. ஹட்டன் டவுனில் ஒரு ஏஜென்ட் 12 லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா, இல்லையென்றால் எதில் தொடங்குவது?

கொடுக்காதீர்கள். அவர் செய்யப்போவது உங்கள் கடதாசிகளை ஸ்கேன் பண்ணி ஏற்றுவது. அந்தக் கடதாசிகளை உங்களைத் தவிர யாராலும் தேட முடியாது; விசா நிற்பதும் விழுவதும் அவற்றில்தான்.

முதலில் புள்ளிக் கணக்கு; இந்த விசாவுக்கு ஆட்களைத் தெரிவது இதை வைத்துத்தான். வயது 25 முதல் 32 வரை 30. பட்டத்துக்கு 15. மூன்று வருடம் முடிந்த வெளிநாட்டு அனுபவத்துக்கு 5. தனி ஆளுக்கு 10. ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சையில் நாலு பிரிவிலும் 7 எடுத்தால் 10, நாலிலும் 8 எடுத்தால் 20. ஆக 7 எடுத்தால் 70, 8 எடுத்தால் 80. விண்ணப்பிக்க 65 போதும் என்று சொல்வார்கள். சட்டப்படி சரி, ஆனால் விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு கூடின புள்ளிக்காரருக்குத்தான் முதலில் போகும். அதனால் மாநிலப் பரிந்துரை தேவையில்லாத 189 விசா மட்டும் என்று இருக்காதீர்கள். மாநிலப் பரிந்துரை கிடைத்தால் 190 விசாவுக்கு 5, பிராந்தியங்களுக்கான 491 விசாவுக்கு 15 புள்ளி கூடும். 491 என்றால் காட்டுப்பக்கம் என்று பயப்பட வேண்டாம். சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் தவிர மற்ற எல்லா இடமும் அதில் அடங்கும், பேர்த்தும் அடிலெய்டும்கூட. அது ஐந்து வருட விசா. மூன்று வருடம் அங்கே இருந்து, வருமானத்தைக் காட்டி நிரந்தர விசாவுக்குப் போகலாம். 33 பிறந்தால் வயதுப் புள்ளி 25 ஆகிவிடும். உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் வீணாக்குகிற அளவுக்கு இல்லை.

இப்போது நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம்: பேர். தோட்டத்தில் பிறந்தவர்களின் பிறப்பு பெரும்பாலும் தோட்ட ஆபீஸ் கொடுத்த விவரப்படி பதியப்பட்டது. சிலரது சான்றிதழ் சிங்களத்தில், சிலரது தமிழில். அப்பா பேர் ஓரிடத்தில் ராமையா, இன்னோரிடத்தில் ராமன். அடையாள அட்டையில் அப்பா பேர் முன்னால், பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. ஊரில் இதை யாரும் கவனிப்பதில்லை. விசா அதிகாரிக்கோ இவை வேறு வேறு ஆட்கள்.

எல்லாக் கடதாசிகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உங்கள் பேர், அப்பா அம்மா பேர், பிறந்த தேதி எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டலும் முதலெழுத்தும் மட்டும் வித்தியாசம் என்றால், எல்லா வடிவத்தையும் சொல்லி 'எல்லாம் ஒரே ஆள்' என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி போதும். விண்ணப்பத்தில் 'வேறு பெயர்கள்' கேட்குமிடத்தில் அத்தனையையும் எழுதுங்கள். மறைத்ததுபோல் தெரிந்தால்தான் பிரச்சினை. பிறந்த தேதியோ அப்பா பேரோ முழுதாகவே வேறாக இருந்தால் சத்தியக் கடதாசி தாங்காது. பிறப்புப் பதிவையே திருத்த வேண்டும். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் அதை முதல் வேலையாகக் கொடுங்கள், மாதக்கணக்கில் இழுக்கும். ஐயெல்ட்ஸ் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பேரைக் கொடுங்கள்.

சிங்கள, தமிழ்ச் சான்றிதழ்களை இலங்கையிலேயே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கலாம். தாளில் அவர் முழுப் பேர், விலாசம், தொலைபேசி, தகுதி எல்லாம் இருக்க வேண்டும். வெறும் ரப்பர் முத்திரையோடு வாங்கிவிட்டு வராதீர்கள். தோட்டத்து விலாசத்தையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படிவத்தில் மேற்பிரிவு, இன்னொன்றில் லயத்து இலக்கம், மூன்றாவதில் வெறும் தோட்டப் பேர் என்று எழுதினால் பத்து வருட விலாச வரலாறு கேட்கும்போது நீங்களே குழம்புவீர்கள்.

அடுத்தது வேலைக்கான சாட்சி. எச்ஆர் தருகிற இரண்டு வரி சேவைச் சான்றிதழ் போதாது. கம்பெனிக் கடிதத்தலைப்பில், தொடங்கிய தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம், செய்த வேலைகள், கையெழுத்திட்டவரின் பதவியும் தொடர்பும் வேண்டும். வேலைகளை இணையத்திலிருந்து அப்படியே பிரதி பண்ணாதீர்கள். எந்தப் பாலம், எந்தக் கட்டடம், வரைபடமா, அளவீடா, தரச் சோதனையா என்று எழுதச் சொல்லுங்கள். கடிதத்துக்குத் துணையாகச் சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று, சேமலாப நிதிக் கூற்று. நிதிக்குச் சம்பளத்தில் ஊழியர் 8, தொழில் வழங்குநர் 12, மொத்தம் 20 சதவீதம். அதனால் மாதக் கட்டணத்தை ஐந்தால் பெருக்கினால் நிதிக்குக் காட்டிய சம்பளம் தெரிந்துவிடும். கடிதத்தில் ஒன்றரை லட்சம், நிதியில் 60,000 என்றால் கேள்வி வரும். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு நிதி கட்டுவதில்லை; அந்த இடைவெளியைச் சம்பளச் சீட்டால் விளக்கலாம்.

பயிற்சி என்று சொல்லி முதல் ஆறு மாதம் நிதி கட்டாமல் கையில் காசு தந்திருந்தால், அந்த ஆறு மாதத்தைக் கோராதீர்கள். நாலு வருடத்தில் அதைக் கழித்தாலும் மூன்று வருடம் தாண்டுகிறது. அதே 5 புள்ளிதான். நிரூபிக்க முடியாததைக் கோரி அழைப்பு வாங்கினால், விசா மறுக்கப்படலாம், கட்டிய பணமும் போகும்.

பட்டத்துக்கான தகுதி மதிப்பீடு எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியா என்ற பொறியியலாளர் அமைப்பிடம். நாடுகள் ஒன்றின் எஞ்சினியரிங் பட்டத்தை மற்றொன்று ஏற்கும் வொஷிங்டன் ஒப்பந்தத்தில் இலங்கை 2014-இல் முழு உறுப்பானது. அதற்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற பேராதனைப் பட்டம் என்றால் அந்த வழியில் சுலபமாகப் போகலாம். டிப்ளோமாக்கார நண்பர்கள் தலா 1,000 முதல் 2,500 சொல் வரையில் மூன்று தொழில் அனுபவக் கட்டுரைகள் எழுத வேண்டியிருக்கும். அதைக் காசுக்கு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பிரதி என்று பிடிபட்டால் கொஞ்ச காலத்துக்கு விண்ணப்பிக்கவே தடை வரும். அனுபவ மதிப்பீட்டையும் சேர்த்தே கேளுங்கள், அது தனிக் கட்டணம். ஐயெல்ட்ஸுக்குப் பதிலாக எழுதக்கூடிய பிடிஈ ஆங்கிலப் பரீட்சைக்கான புள்ளி அட்டவணை 2025 ஆகஸ்டில் மாறியது, பழைய அட்டவணையைப் பார்த்துப் படிக்காதீர்கள்.

இவை கையில் வந்த பிறகுதான் ஸ்கில்செலக்ட் என்ற அவுஸ்திரேலிய அரசின் இணையத்தளத்தில் விருப்பத்தைப் பதிவது. அதற்குக் கட்டணமில்லை, இரண்டு வருடம் செல்லும். அழைப்பு வந்தால் விண்ணப்பிக்க 60 நாள். விசாக் கட்டணம் கிட்டத்தட்ட 5,000 அவுஸ்திரேலிய டொலர், பெரும்பாலும் ஜூலை முதலாம் தேதி கூடும். அந்தப் பணத்தைத்தான் இப்போதே சேருங்கள்.

ஏஜென்ட் வேண்டும் என்றுதான் நினைத்தால், அவுஸ்திரேலியப் பதிவு இலக்கத்தைக் கேட்டு, அரசுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். 'வேலையும் ஸ்பொன்சரும் வாங்கித் தருகிறேன், காசு கொடுங்கள்' என்பவரிடம் நிற்கவே வேண்டாம். ஸ்பொன்சருக்குக் காசு வாங்குவது அந்த நாட்டில் குற்றம், கொடுத்தவரின் விசாவையும் ரத்துச் செய்யலாம்.

பொலிஸ் சான்றிதழ் இலங்கைக்கு மட்டுமல்ல. கடந்த பத்து வருடத்தில் 12 மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் வேண்டும். கட்டாரில் வேலை செய்திருந்தால் அங்கிருந்தும் எடுக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை அவர்கள் நியமித்த வைத்தியரிடம் மட்டும். முன்பு காசநோய்க்கு மருந்து எடுத்திருந்தால் கிளினிக் அட்டையைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். விசா கையில் வரும்வரை வேலையை விடாதீர்கள். வந்த பிறகு, கடிதத்தில் முதல் நுழைவுக்கு எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.